என் மண் படிந்த இடம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

மணிமுத்தாறு எங்கள் கொல்லைக்கு மேலே இரண்டாகப் பிரியும். நடுவில் ஒரு திட்டு. அதைச் சுற்றிப் போய்க் கீழே மறுபடி சேரும். பாகம் பிரித்த அன்று, மூத்த மருமகள் என்று சொல்லி, தண்ணீர் நிற்கும் ஆழமான கிளையோரத்து அரை ஏக்கரை நான் கேட்டு வாங்கினேன். கிளைகள் சேரும் இடத்தில், எதிர்க்கரை மணல்மேடு கொழுந்தன் பெண்டாட்டிக்கு, என் ஓரகத்திக்குப் போயிற்று.

"தண்ணி உங்களுக்கு, மணலு எனக்கா, அக்கா?" என்றாள்.

"வெள்ளரி போடு, நல்லா காய்க்கும்" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு மணல்காரர்கள் என் பக்கக் கிளையில் லாரியை இறக்கி மணல் அள்ளினார்கள். பள்ளம் விழுந்த கிளைக்குத்தானே தண்ணீர் வரும்? வெள்ளத்தில் முக்கால்வாசி என் பக்கமே வந்தது. முதலில் எனக்குப் பெருமைதான். அடுத்த மழையில் கரையின் அடி குடைந்தது. மேலே புல் பச்சையாக நிற்கும், ஒருநாள் பொத்தென்று விழும்.

நான் அப்போது பீங்கான் சூளையில் வேலை பார்த்தேன். அங்கே உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் கோணிப்போன பொம்மைகளும் மலையாகக் கிடக்கும். டிராக்டரில் ஏற்றி வந்து கரையில் கொட்டினேன்.

"ஆறு முட்டுனா வேற எங்கனா திரும்பும்டி" என்றார் வீட்டுக்காரர்.

"பீங்கானத் தண்ணி கரைக்குமா?" என்று வாயை அடைத்தேன்.

கரைக்கவில்லை. வெள்ளம் குவியலில் முட்டி, அதன் வால்பக்கம் சுழன்று, பின்னால் இருந்த மண்ணைத் தின்றது. மூன்று மழையில் வயல் போயிற்று, போர் குழாய் போயிற்று, கடைசியில் குவியலும் சரிந்தது.

அந்த மண் வெகுதூரம் போகவில்லை. கிளைகள் சேரும் இடத்தில், ஓரகத்தி பக்கம் தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்கும். ஓட்டம் நின்ற இடத்தில் வண்டல் படிந்தது. அவள் மணல்மேடு கறுப்பு நிலமாயிற்று.

"அவ வயித்தெரிச்சல்தான் என் நெலத்த வாரிக்கிட்டுப் போச்சு" என்று பந்தல் பந்தலாகச் சொன்னேன். என் பிள்ளைகளும் நம்பி, அவள் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் விட்டார்கள்.

போன தை மாதம் அவளே வந்தாள். மடியில் வெள்ளரிக்காய். கையில் ஒரு ஃபியூஸ் கட்டை.

"மண்ணக் கொத்துறப்ப மம்முட்டியில மாட்டுச்சுக்கா. இது உங்க சூளைதுதானே? மண்ணும் உங்களுதுதான். பாதியில நீங்க பயிர் வச்சிக்குங்க."

"எனக்குப் பிச்ச போட வந்தியா?"

"பத்து வருசமா என்னத் திட்டுனீங்க. அதுக்கு ஒரு வார்த்த சொல்வீங்கன்னு வந்தேன்" என்று சொல்லிப் போய்விட்டாள். வெள்ளரிக்காயை ஆட்டுக்குப் போட்டேன். ஃபியூஸ் கட்டையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

வாயால் அந்த ஒரு வார்த்தை எனக்கு வராது. அதனால்தான் எழுதினேன். பேத்தி, இதை எனக்கு ஒருதரம் படித்துக் காட்டு. பீங்கான் கொட்டினது நான் என்று தெளிவாக எழுதியிருக்கிறேனா பார். இருந்தால் அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வா.