நீலப் புடவையைப் பிய்த்தவர்

பிப்ரவரி மாத நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: "திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வாட்ச்மேன், படம் ஒட்டுகிறார்."

எப்போதும் தூக்கத்துக்கு ஏங்கும் முகம். கன்டெய்னர் கதவுகளிலிருந்து லாரிக்காரர்கள் அறுத்துப்போடும் வண்ண வண்ண பிளாஸ்டிக் சீல்களைப் பொறுக்கி, ஷேர் ஆட்டோவில் முதன்முதலாகப் பார்த்த நாளின் நீலப் புடவையோடு தன் மனைவியின் உருவத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு புளியந்தோப்பில் தாய்வீட்டில் இருந்தவரைத் திரும்ப அழைக்கத்தான் அது.

அடுத்த முறை போனபோது படத்தில் ஒட்டியிருந்த நீலப் புடவையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க?" என்றேன்.

"படத்த போட்டோ புடிச்சி அவளுக்கு அனுப்சேன் சார். 'அன்னிக்கி நீலம் கட்டிகினு வந்தது எங்கக்கா. நா பச்ச. அவளயே இட்டாந்து குடும்பம் நடத்து'ன்னு போன வெச்சிட்டா."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பச்ச சீலு எப்பவாச்சும்தான் வருது சார்."

இப்போது அங்கே வேறொரு வாட்ச்மேன். மூலையில் நீலத் துண்டுகள் மட்டும் கிடக்கின்றன. பச்சைப் புடவை முடிந்ததா, அவர் மனைவி வீடு திரும்பினாரா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.