வெரி குட் சொல்லாத டீச்சர்

என் வகுப்புக்கும் ஆங்கில டீச்சர் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். நான் கணக்கு வாத்தியார். ஏழு வருடமாக என் பாடத்தோடு அவர் பாடமும் என் காதில் விழுகிறது. அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்காத சொல் "வெரி குட்".

நாங்களெல்லாம் அதை வாரி இறைப்போம். பேனாவைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்போம். நமக்குத் தெரியாதா அது பேனா என்று? வகுப்பே கத்தும், வெரி குட் என்போம், மணி அடிக்கும். டீச்சருக்கு இது அறவே ஆகாது. "பதிலைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே கேட்கறது கேள்வியா சார்? அது போலீஸ் விசாரணை" என்பார். தனக்குத் தெரியாததை மட்டுமே கேட்பார். கேட்டுவிட்டு, சாக்பீஸை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நிற்பார். பதில் வரும்வரை வாய் திறக்க மாட்டார். அந்த நேரத்தில் என் பக்கம் பெருக்கல் போடுகிற பிள்ளைகளுக்கே வியர்க்கும்.

ஏழு வருடமும் அவர் தற்காலிக ஆசிரியர்தான். இந்த வருடம் வகுப்பை மதிப்பிட மேலிடத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்து படிவத்தில் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் அந்தரத்தில் தொங்க வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் அவருக்கென்றே போட்டது போல இருந்தன. பாராட்டுச் சொற்கள் எத்தனை முறை? வீணான மௌனம் எத்தனை நிமிடம்?

லிப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் வீட்டில் மன்றாடினாராம்: "ஒரே ஒரு நாள் வெரி குட் சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" நானும் அதையே சொன்னேன். "நீங்க தப்பான விடைக்கு சரி போடுவீங்களா சார்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

பார்வையாளர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சைத் தட்டினார். நான் என் பிள்ளைகளுக்குப் பத்துக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, வெட்கமில்லாமல் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

"நேத்து உங்க வீட்ல யாருக்குக் கோபம்? ஏன்?" என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார். சாக்பீஸை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் போயிற்று. பார்வையாளர் எழுதினார். இன்னொரு நிமிடமும் போயிற்று.

வருடம் முழுக்க வாயே திறக்காத ஜன்னலோரப் பெண் எழுந்தாள். "அப்பாவுக்குக் கோபம். பஸ் பாஸ் நான் தொலைச்சேன். அப்பா அடிச்சார்" என்று உடைந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தாள்.

டீச்சர் வாய் திறப்பதற்குள், பழக்கதோஷத்தில், பின்னாலிருந்து பார்வையாளர் முழங்கினார்: "வெரி குட்!"

அவள் திரும்பினாள். அதே ஆங்கிலத்தில் கேட்டாள்: "சார், நான் சொன்னதைக் கேட்டீங்களா?"

"இல்லம்மா, அது வந்து... இங்கிலீஷ் நல்லா..." என்று இழுத்தார்.

"அவ கேட்டது அது இல்ல சார். பதில் சொல்லுங்க, காத்திருக்கோம்" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அதே மாதிரி நின்றார். முப்பத்தெட்டு பிள்ளைகளும் பார்வையாளரைப் பார்த்தார்கள். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் மணிதான் அடித்தது.

படிவத்தில் பாராட்டு பூஜ்யம், மௌனம் ஆறு நிமிடம். "மன்னிப்புனு ஒரு வரி எழுதிடுங்க, நான் பேசி சரி பண்றேன்" என்று தலைமையாசிரியை கெஞ்சினார். விளக்கத்துக்கான இடத்தில் டீச்சர் எழுதினார்: 'இதில் நான்கு நிமிடம் பார்வையாளருடையது. என் மாணவியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.' கையெழுத்தும் போட்டார்.

அடுத்த மாதம், நிரந்தரம் இல்லை என்று கடிதம் வந்தது. எனக்கு ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை. மறுநாள் டீச்சர் கண் வீங்கி வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த ஜன்னலோரப் பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது:

"மிஸ், நேத்து உங்க வீட்ல யாருக்குக் கோபம்?"

"எனக்குத்தான்" என்றார் டீச்சர். "உட்காருங்க, ஏன்னு சொல்றேன்."