கோழி என்று எழுதப்பட்ட எலும்புகள்

“அந்தப் பிள்ளை எலும்பு டொக்டராம். என்ர முழங்காலை ஒருக்காக் காட்டுவமோ?”

ஜெர்மனியின் பான் நகரத் தமிழ்க் கடையில், அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு அக்காவின் குரல். அந்தப் பிள்ளை நான்தான். பழைய எலும்புகளைப் பேணும் தொழிலில் ஒரு வசதி உண்டு: நோயாளிகள் கதைப்பதில்லை. கூச்சக்காரியான நான் இதற்குள் வந்ததே அதனால்தான். செய்யும் வேலையைச் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாமல் தவிப்பவர் நீங்கள் என்றால், வாருங்கள், நாம் ஒரு கட்சி.

முழங்கால்

அந்த அக்கா காசு கட்டும் இடத்தில் என்னைப் பிடித்துவிட்டார். “எட்ருஸ்கர் எண்டு, ரோமருக்கு முந்தி இத்தாலியில இருந்த சனம், அக்கா. அவையின்ர கல்லறை எலும்பு உதிராமல் பாக்கிறதுதான் என்ர வேலை” என்றேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

“அவைக்கே பாக்கிறீர் எண்டால் எனக்குப் பாக்க ஏலாதே? நான் அவ்வளவு பழசில்லை.”

முழுக்கு

எங்கள் பட்டறைக்கு வந்தது ஒரு பெண். கல்லறை மண்ணோடு சேர்த்து வெட்டியெடுத்து, சுற்றிலும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். எலும்பெல்லாம் தேநீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி. மூங்கில் குச்சியால் மண்ணை நெகிழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் தள்ள வேண்டும். அவளுடைய தாடை முழுசாக வெளிப்பட்ட அன்று எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் குசினிக்குள் நின்றே சொன்னேன்.

“செத்து எத்தினை நாள்?” என்றார் அம்மா.

“ரெண்டாயிரத்தஞ்ஞூறு வருசம், அம்மா.”

அம்மா அகப்பையால் குளியலறையைக் காட்டினார். “எண்டாலும் முழுகிப்போட்டு வந்து சோத்தைத் தொடு.”

படையல்

அவளுடைய இடுப்பருகே கொஞ்சம் சின்ன எலும்புகள் கிடந்தன. எங்கள் தலைவி ஃப்ராவ் பெக்கர் தன் கையாலேயே ‘கோழி, படையல்’ என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். எட்ருஸ்கர் இறந்தவருக்குச் சாப்பாடு வைக்கிறவர்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்த எலும்புகளின் நுனி உறுத்தியது. சொரசொரவென்று, வளர்ந்து முடியாதது போல.

செவ்வாய் பத்து மணிக்கு எல்லாவற்றுக்கும், உதிராமல் இறுக, பிசின் விடுவதாகத் திட்டம். மனித எலும்பென்றால் அதற்கு முன் மரபணுச் சோதனைக்கு ஒரு துணுக்கு எடுத்து வைப்போம். கோழிக்கு யார் எடுப்பார்? பிசின் ஊறிய பிறகு, இது ஒரு குழந்தையாகவே இருந்தாலும், அந்தப் பெண்ணுக்கு அது யார் என்று கேட்பதே பெரும்பாடு. நானோ பயிற்சிக்கு வந்தவள். ஆறு மாதத்தில் அங்கே ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் துணிந்து, “ஃப்ராவ் பெக்கர், அந்தக் கோழி...” என்று தொடங்கினேன்.

அவர் நிமிரவில்லை. “பசிக்கிறதா? சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.”

ஞாயிற்றுக்கிழமை

வீட்டில் கோழிக்கறி. நான் காலெலும்புகளைச் சப்பித் துடைத்து, சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வரிசையாக அடுக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வழுவழுப்பான குழல். எங்கள் பட்டறையில் கிடப்பது இதுவே இல்லை! ஆனால் ‘எங்கள் வீட்டுக் கறியில் பார்த்தேன்’ என்று முப்பது வருடம் எலும்போடு இருந்தவரிடம் சொல்ல முடியுமா? அம்மா கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ கோழி தின்னுறியோ, போஸ்மோட்டம் செய்யிறியோ?”

செவ்வாய்

எல்லாருக்கும் முன்னால் போய், அந்தச் சின்ன எலும்புகளுக்கு அடியிலிருந்த மண்ணைச் சலித்து, நுண்நோக்கியின் கீழ் கிளறினேன். மண், வேர், மண், சிறு கல். பத்துக்குக் கால் மணி இருக்கையில், அரிசிக் குறுணி அளவில் ஏதோ மினுங்கியது. புரட்டினேன். உள்ளே குழிந்த, வெள்ளைத் தொப்பி. பிறந்த குழந்தையின் பல்முரசுக்குள் வெளிவராமல் காத்திருக்கும் பல். குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குள் ஃப்ராவ் பெக்கர் வந்து, அந்தச் சின்ன எலும்புகள் இருந்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, குழாயில் பிசினை உறிஞ்சி எடுத்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“என்ன?”

இரவெல்லாம் நல்ல நீளமான ஜெர்மன் வாக்கியம் ஒன்று தயாரித்திருந்தேன். தமிழ் போலவே அதிலும் வினைச்சொல் கடைசியில்தான். அதுவரை போய்ச்சேரப் பிசின் காத்திருக்காது.

“கோழிக்குப் பல் இல்லை” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து நுண்நோக்கியில் குனிந்தார்.

பிறகு குழாயிலிருந்த பிசினைப் போத்தலுக்குள் திருப்பி விட்டு மூடியை இறுக்கினார். சீட்டை எடுத்து ‘கோழி’ என்பதைக் குறுக்கே வெட்டி, பென்சிலை என் கையில் தந்தார்.