சோபாவில் இருந்தவருக்குப் போர்த்திய பொன்னாடை

நான் ஜெர்மன் பள்ளியிறுதியான அபிடூர் பரீட்சையில் சித்தியடைந்ததும் அப்பா வீட்டில் ஒரு விருந்து வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மன்னாரில் கடலுக்குப் போன அப்பாவும் மீன் காயவைத்த அம்மாவும் டுசல்டோர்ஃபுக்கு வந்த பிறகுதான் கையெழுத்து வைக்கப் பழகினார்கள். என்னைப்பற்றி அவர்களுக்கு இருந்த பெருமையைவிட எனக்கே கூடுதலாக இருந்தது.

மியூனிக்கில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. பெண்பிள்ளை நான் தனியே போகவேண்டும். கேட்கும்போதெல்லாம் அப்பா "பாப்பம்" என்றார். அவருடைய பாப்பம் என்றால் ஏலாது என்று அர்த்தம்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மேல்மாடியில், சோவியத் யூனியன் உடைந்த பிறகு உக்ரேனிலிருந்து வந்த ஒரு வயதான யூதத் தம்பதி இருந்தார்கள். ஒருநாள் கதவு திறந்திருந்தபோது அவர்களுடைய அலுமாரியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கக் கண்டேன். அதன் நெஞ்சில் பதக்கங்கள். ஒன்றில் டாங்கி பொறித்திருந்தது. பீரங்கிப் படையில் வேவு பார்த்ததற்கு, துணிச்சலுக்கு என்று கணவர் அரைகுறை ஜெர்மனில் சொன்னார். யுத்தவீரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் பிள்ளையை அனுப்புங்கள் என்று சொன்னால் அப்பா தட்டமாட்டார். விருந்துக்கு வரும்படியும் அந்த ஒரு வார்த்தை சொல்லும்படியும் கேட்டேன். கோட்டும் கட்டாயம் வரவேண்டும் என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அன்று மத்தியானம் அவர் கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு வந்தார். மனைவி பின்னால் பீட்ரூட் சலாது நிறைந்த ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்தார். கணவரைச் சோபாவின் நடுவில் இருத்தி, பதக்கங்கள் தெரியும்படி கோட்டை அவருடைய தோளுக்குப் பின்னால் விரித்துவைத்தேன். மனைவிக்குக் குசினியைக் காட்டினேன். அங்கே அம்மாவும் மாமியும் பொரிப்பதற்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

கோயில் திருநாளுக்கென்று வாங்கி மிஞ்சியிருந்த பொன்னாடையை அப்பா கணவருக்குப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். மாமா படம் எடுத்தார். நான் அவருடைய வீரத்தைப்பற்றித் தமிழில் நீட்டி முழக்கினேன். தெரியாததைக் கற்பனையால் நிரப்பினேன். அவர் குசினிப் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். மனைவியைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"ஐயாவுக்குப் பயமில்லையோ எண்டு கேள் பிள்ளை," என்றார் அப்பா.

கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் போர்முனைக்குப் பின்னால், படையின் பேக்கரியில் பாண் சுட்டுக்கொண்டிருந்தேன். அவளைக் கேள்," என்று குசினிப் பக்கம் கைகாட்டினார்.

அந்தப் பதக்கங்கள் யாருக்குக் கிடைத்தவை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அறையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் சொன்னதை நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. போய் அந்த அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

மனைவி மா ஒட்டிய கையோடு வந்து நின்றார். பயம் இருந்தது என்றார். எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்று முன்னால் போய்ப் படுத்திருந்து பார்க்கவேண்டும். சுடும்போது அதன் வாய் மின்னுவது தெரியும். மின்னியதிலிருந்து வெடிச்சத்தம் வந்து சேரும்வரை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். எண்ணும்போது பயப்பட ஏலாது, எண்ணிக்கை பிழைத்துவிடும்.

அப்பா என்னைப் பாராமல் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நாங்கள் ஷெல் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள ஓடின சனம். இவ சத்தத்தைத் தேடியெல்லோ போயிருக்கிறா." பிறகு, அப்போது என்ன வயது என்று கேட்கச் சொன்னார்.

அந்த அம்மா என்னைக் காட்டி, இவளுடைய வயது என்றார்.

"உவவையோ பிள்ளை நீ குசினிக்குள்ள விட்டனி?" என்றார் அப்பா.

பெண்ணுக்கு எதற்குப் படிப்பு, குசினி காணாதோ என்று கேட்டதற்காக அந்த வருடம் பாதி உறவினரோடு கதையை நிறுத்தியவள் நான். "பெரிய படிப்புப் படிச்ச பிள்ளைக்கு ஆளைத் தெரியேல்லை," என்றார் மாமி, உருளைக்கிழங்குக் கையோடு வாசலில் நின்று.

அப்பா கணவருடைய பொன்னாடையைக் கழற்றி மனைவிக்குப் போடப் போனார். அந்த அம்மா தடுத்து, இருக்கட்டும், இவருக்குக் குளிரும் என்று கணவருடைய தோளில் அதைச் சரிசெய்துவிட்டார். பாதி ரோல்ஸ் இன்னும் பொரிக்கவில்லை என்று குசினிக்குத் திரும்பினார். நானும் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்க ஜெர்மனில் எனக்கு வசனங்கள் தெரியும். நான் வாய் திறக்குமுன் அவர் வெங்காயம் இருந்த கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

விருந்தினர் போகுமுன்னரே அப்பா சொல்லிவிட்டார். "போ. மியூனிக் எண்டாலும் போ." எனக்காக யாரும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. கேட்டது கிடைத்த அந்த நேரத்தில் என்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமா எடுத்த படத்தை அப்பா பிரேம் போட்டு மாட்டினார். பொன்னாடையோடு மேல்மாடிக்காரர், பின்னால் பதக்கங்கள், பக்கத்தில் தலை நிமிர்ந்து நான். விடுமுறையில் வரும்போதெல்லாம் அதைக் கழற்றச் சொல்கிறேன். கிடக்கட்டும் என்கிறார். புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், "உந்த ஐயா ஆர், பட்டாளமோ?"

"அவர் பாண் சுட்டவர்," என்று சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்ப்பார். மிச்சத்தை நான்தான் சொல்லவேண்டும்.