பூட்டி வைத்த ஆம்ப்ளிஃபயர்

அந்த ஆம்ப்ளிஃபயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2010 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நான் எலக்ட்ரீஷியன். சூப்பர்வைசர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்த அந்தக் கறுப்புப் பெட்டி என் பொறுப்பு. சாவி மட்டும் மேனேஜரிடம். மைக்கில் பேசும்போது பிறக்கிற மின்சாரம் மிக மெலிந்தது. அதைக்கொண்டு ஒரு ஸ்பீக்கரைக்கூட அதிரவைக்க முடியாது. அதைப் பெருக்கி, ஷெட் முழுக்க மாட்டியிருக்கும் ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவதுதான் ஆம்ப்ளிஃபயர். யார் பேசுகிறார் என்று அது பார்க்காது. அதைப் பூட்டினவர்கள்தான் ஆள் பார்த்தார்கள். காலையில் டார்கெட், மாலையில் ஓவர்டைம் பார்க்கிறவர்களின் பெயர்கள், எப்போதாவது பிறந்தநாள் வாழ்த்து. இதற்கு மட்டும்தான் அலமாரி திறக்கும்.

பெயிண்ட் பகுதியின் லீடர் அக்காவுக்குப் பரமக்குடிப் பக்கம். ஒரு மத்தியானம் அங்கே புகையை உறிஞ்சும் விசிறி நின்றுபோய், தின்னர் நெடியில் இரண்டு பெண்கள் சுருண்டு விழுந்தார்கள். நெடி ஷெட்டெங்கும் பரவிக்கொண்டிருந்தது. நான் அப்போது சூப்பர்வைசர் அறையில் இருந்தேன். அக்கா அங்கே ஓடி வந்தார்.

"தம்பி, மைக்கப் போடுய்யா! எல்லாரையும் வெளிய வரச் சொல்லணும். புள்ளைக மயங்கி விழுதுக!"

சூப்பர்வைசர் நாற்காலியைவிட்டு எழவில்லை. "இன்னாம்மா, லைன நிறுத்தச் சொல்றியா? சாவி மேனேஜராண்ட கீது. பெர்மிஷன் இல்லாம தொடக்கூடாது."

என் இடுப்பில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. இரண்டு திருகைக் கழற்றினால் அலமாரிக் கதவு கையோடு வந்துவிடும். நானோ, மகா யோக்கியன், அனுமதி கேட்டு மேனேஜருக்கு போன் போட்டுக்கொண்டு நின்றேன்! அக்கா காத்திருக்கவில்லை. பிரஸ் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே லைன் லைனாக ஓடி, வெறுந்தொண்டையில் கத்தினார். காதில் விழாதவர்களைத் தோளைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் வெளியே வந்து சேர்ந்தார்கள். அக்காவுக்குக் குரல் போய்விட்டது.

மறுநாள் அவருக்கு மெமோ. அனுமதியில்லாமல் லைனை நிறுத்தினாராம்! விசாரணையில் பேச வாயெடுத்தால் காற்றுதான் வந்தது. எழுதி நீட்டிய தாளை ஒருவரும் வாங்கவில்லை. குற்றச்சாட்டை அவர் மறுக்கவில்லை என்று பதிந்துகொண்டார்கள். அடப்பாவிகளா!

அதற்கடுத்த நாள் காலை அலமாரி திறந்தது. மேனேஜரே மைக்கைப் பிடித்தார். யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை, வதந்தி கிளப்பிய லீடரை வேலையைவிட்டு நீக்கியாயிற்று என்றார். கடைசி லைனில் சரியாகக் கேட்கவில்லை என்று கை காட்டினார்கள்.

நான் வால்யூமைக் கூட்டினேன்.