கல்லொட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் என் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் பதினொரு மீன்கள். பத்து நீந்தும், ஒன்று கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியை வழித்துத் தின்னும். தொட்டி கழுவுகிற வேலை மிச்சம் என்கிறாள் மருமகள். நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். கழுத்து வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழுத்து வலியும் உண்டுதான்.

வெள்ளைக்காரன் காலத்தில் நாங்கள் ராசிபுரத்தில் இருந்தோம். வீட்டில் இரண்டு தறிகள், அண்ணன்தான் நெய்தார். நான் படித்தவன் என்று ஒரு நூல் கடையில் கணக்கு எழுதப் போனேன். எனக்கும் என் மனைவிக்கும் அப்போது ஒரே பையன், நான்கு வயது. ஒரு கோடையில் எங்கள் தெருவில் வாந்திபேதி கண்டது. காலையில் கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்தவன் மறுநாள் விடிவதற்குள் போய்விட்டான். அவனைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் சுகாதார ஆட்கள் தெருக் கிணற்றில் ஊதா மருந்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஒன்பது பேர் போயிருந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் போகவில்லை.

மருந்து இரண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. தேய்க்க ஆரம்பித்தாள். குடம், அண்டா, கொல்லையில் நூல் நனைக்கும் கல்தொட்டி, எதிலும் ஒரு பொட்டுப் பச்சை இருக்கக் கூடாது. பாசி பிடித்த தண்ணீர்தான் பையனைக் கொண்டுபோயிற்று என்று அவளாக முடிவு செய்திருந்தாள். சாம்பலும் தேங்காய் நாருமாக நாள் முழுவதும் தொட்டிக்குள் குனிந்தே கிடப்பாள். உள்ளங்கை வெடித்துப் பிளந்துவிட்டது. சோறு பிசைந்தால் காரம் பட்டுக் கண்ணில் தண்ணீர் வரும். அதற்காகவே பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள். சொன்னால் கேட்கவில்லை. அண்ணி சொல்லியும் கேட்கவில்லை. இப்படியே போனால் இவளையும் இழந்துவிடுவேன் என்று நான் பயந்தேன்.

அந்த வருஷம் கடை வேலையாகச் சேந்தமங்கலம் போனபோது, மலையடிவார ஓடையில் அந்த மீனைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் கல்லொட்டி என்றார்கள். விரல் நீளம், கெளுத்திபோல நான்கு மீசை, வயிற்றுப் பக்கமாக வட்ட வாய். பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியை வழித்துக்கொண்டே போனது. துண்டால் ஒன்றைப் பிடித்து மண்பானையில் விட்டு வண்டியில் கொண்டு வந்தேன். செத்துவிட்டதோ என்று வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"ஏன்டா, கணக்கெழுதுனது பத்தாதுன்னு மீனுக்கு மீசை எண்ணக் கெளம்பிட்டயா? ஒத்த மீனு கொழம்புக்கு எப்பிடிப் பத்தும்?" என்றார் அண்ணன்.

இரண்டு நாள் மட்டும் தொட்டியைத் தேய்க்காமல் விடு, மீன் என்ன செய்கிறது என்று பார்க்கலாம் என்று மனைவியிடம் கெஞ்சினேன். எப்படியோ ஒப்புக்கொண்டாள். மெல்லியதாகப் பச்சை படர்ந்ததும் மீன் வேலையைத் தொடங்கியது. அது போன வழியெல்லாம் கோடு போட்டாற்போலக் கல் வெளுத்துத் தெரிந்தது. நாரைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மெள்ள மெள்ளத் தேய்ப்பது குறைந்தது. கை ஆறியது. சோறும் இறங்கியது.

தொட்டிப் பாசி தீர்ந்ததும் மீன் இளைத்தது. சோற்றுப் பருக்கையைத் தொடவில்லை. ஒரு நாள் நான் கடையிலிருந்து வந்தபோது, கொல்லைச் சுவரின்மேல் ஒரு மண்சட்டி வெயிலில் இருந்தது. தண்ணீரில் ஓட்டுத் துண்டுகள். அவற்றின்மேல் பச்சைப் பாசி. பச்சையைக் கண்டாலே ஆகாதவள் பாசி வளர்த்திருந்தாள். மிட்டாய்க் கடையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வாங்கி வரச் சொன்னாள். மீன் அதற்குக் குடி வந்தது. தினம் ஒரு ஓட்டுத் துண்டைப் போட்டு, "சாப்புடு சாமி" என்பாள். அதன் வாய் கண்ணாடியில் திறந்து மூடுவதை நான் எண்ணுவேன், அவள் சிரிப்பாள்.

மூன்றாம் வருஷக் கோடையில் பக்கத்துத் தெருவில் மறுபடியும் பேதி வந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள். இந்தத் தடவை எங்கள் கிணற்றுக்கு முன்கூட்டியே மருந்து வந்துவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜாடித் தண்ணீர் முழுவதும் மருந்து கலந்து செம்பருத்தி நிறத்தில் இருந்தது.

"மொதக் கொடம் இதுக்குத்தானுங்க ஊத்துனேன். இந்தத் தடவ முந்திக்கிட்டோம்" என்றாள்.

மீனின் வாய் கண்ணாடியை விட்டிருந்தது. ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி, கொல்லைத் தொட்டியின் பழைய தண்ணீரில் மீனை விட்டேன். மல்லாந்து மிதந்தது. விரலால் கல்லின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அவள் பின்னால் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்:

"மருந்துதானுங்களே கொன்னுது? அப்ப அது முந்தியே வந்திருந்தாலும் நம்ம பையன் பொழச்சிருக்க மாட்டான், இல்லீங்களா?"

மூன்று வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு அவள் முகத்தில் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுப்படிக்குப் போய், குடிக்க வைத்திருந்த மருந்துத் தண்ணீர்க் குடத்தைக் கொட்டுவதற்காகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கொட்டாத சாமி. மீனுக்குத்தான் அது ஆகாது. மனுசருக்கு நல்லது" என்றேன்.

இடுப்பில் குடத்தோடு அப்படியே நின்றாள்.

"அப்பப் பொழச்சிருப்பான்."

"பொழச்சிருக்கலாம்."

குடத்தை இறக்கி வைத்தாள். ஒரு டம்ளர் மொண்டு, மூச்சு விடாமல் குடித்து முடித்தாள். பிறகு இன்னொரு டம்ளர் மொண்டு, முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். தண்ணீர் துருப்பிடித்த இரும்புபோல இருந்தது.