கதவுக்கு வெளியே நின்ற அப்பா

தெருவில் அவளைப் பல்செட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்யும் பட்டறையில் வேலை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அப்பாதான் அங்கே சேர்த்துவிட்டார். சேர்ந்த புதிதில், மெழுகும் பல் அச்சுகளும் கிடந்த மேசையிலேயே சாப்பாட்டு வேளைகளில் ஒரு நாவலைப் படித்தாள். படிப்பை நிறுத்திய அப்பாவோடு பேச்சை விட்டுவிட்ட ஒரு படகோட்டியின் மகளுடைய கதை. பிறகு எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கரைத்துக் குடித்துவிட்டாள். பல வருடம் கழித்து நாத்தனார் இரவல் வாங்கிப் போனாள். போன புத்தகம் போனதுதான்.

அந்த நாவல் படமாக வந்தது. கணவனையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு முதல் வாரமே போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கதாநாயகிக்கு முடியைக் கத்தரித்திருந்ததைப் பொறுத்துக்கொண்டாள். கதையில் இல்லாத இரண்டு பாட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். படம் முடிந்து வாசலுக்கு வந்ததும் வெடித்தாள்.

"உயிரையே உருவிட்டானுங்க! அப்பா மக வீட்டுக்கு வந்து, 'உன்ன நான் படிக்க வச்சிருக்கணும்மா'ன்னு சொல்லுவாரே, அத எங்க காணோம்?"

நாத்தனார் நின்றாள். "அப்படி ஒரு இடமே இல்லையே, அண்ணி."

"நீ பக்கத்த தள்ளித் தள்ளிப் படிச்சிருப்பே."

மறுநாளே நாத்தனார் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பல்செட்டக்கா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். சல்லடை போட்டுத் தேடியும் அந்த வார்த்தை அகப்படவில்லை. அப்பா வருகிறார். உள்ளே விளக்கு எரிவதைப் பார்க்கிறார். செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போகிறார். அவ்வளவுதான், மூன்று வரி.

"பதிப்ப மாத்திட்டாங்களோ?" என்றாள்.

"இது உன் புத்தகந்தானே. அட்டையில மெழுகுகூட ஒட்டியிருக்கு" என்றான் கணவன். பிறகு கேட்டான். "உங்கப்பா எப்பவாவது அப்படிச் சொன்னாரா?"

"அவரா? சாகற வரைக்கும் வாயத் தொறக்கலியே."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்று சமையல் அவன்தான்.

அடுத்த வாரம் பட்டறையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாக மறுபடியும் படம் பார்த்தாள். புத்தகத்தின் அந்த மூன்று வரி படத்திலும் இருந்தது. பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்ததில் முதல் தடவை கோட்டைவிட்டிருந்தாள். கதவுக்கு வெளியே கிழவர் நிற்கிறார். கை கதவு வரைக்கும் போகிறது, தட்டவில்லை. பின்னணியில் இசைகூட இல்லை. அரங்கில் யாரோ இருமினார்கள். அவர் திரும்பித் தெருமுனை தாண்டும் வரை காட்டினார்கள். இவளுக்கு எழுந்து போய் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் நாத்தனார் போனில் கேட்டாள். "இப்ப என்ன சொல்றீங்க, அண்ணி?"

"பாட்டு ரெண்டும் தண்டம். முடியையும் வெட்டியிருக்க வேண்டாம்" என்றாள். "மத்தபடி, புத்தகத்துல இருக்கறதத்தான் எடுத்திருக்கான்."